நாளைக்கு முதல் ஓலை

குழு: பாட்டி வீட்டுப் பிள்ளைகள்
சனிக்கிழமை, இரவு 8.12

பெரிய மாமா: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நாளை ஆராதனையில் தங்கச்சியின் மறுகல்யாணத்துக்கு முதல் ஓலை (சபையில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசிக்கப்போகிறார்களாம். உபதேசியார் சொல்லித்தான் எனக்கே தெரிகிறது. மூத்தவன் என்று ஒருவன் இருக்கிறேன். 52 வயதில் இது தேவையா? வேதத்தில் ரோமர் 7:2 எடுத்து வாசியுங்கள். புருஷனை உடைய ஸ்திரீ அவனுடைய நிபந்தனைக்கு உட்பட்டவள்.

நான்: மாமா, வசனம் பாதியில் நிற்கிறதே?

பெரிய மாமா: என்ன பாதி?

நான்: அரைப்புள்ளிக்கு அப்புறம் இன்னும் இருக்கிறது. புருஷன் இறந்தபின் அந்தப் பிரமாணத்திலிருந்து அவள் விடுதலை. அதே வசனம்தான். சித்தப்பா போய் 9 வருஷம் ஆகிறது.

பெங்களூர் அண்ணன்: மாமா வசனத்தையே கிராப் பண்ணிவிட்டார் 😀

பெரிய மாமா: வேதத்தில் விளையாடாதே. 1 கொரிந்தியர் 7:40 பார். அப்படியே இருந்துவிட்டால் பாக்கியவதி என்று ரோமர் எழுதின அதே பவுல்தான் எழுதுகிறார்.

பெரியம்மா: அண்ணே, அதற்கு முந்தின வசனத்தையும் பாருங்கள். இஷ்டமானவரைக் கட்டிக்கொள்ளலாம், கர்த்தருக்குட்பட்டவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். 40-ல் சொல்வதைத் தன் அபிப்பிராயம் என்று அவரே சொல்லிவிடுகிறார். உங்களுக்கும் அபிப்பிராயம் இருக்கலாம், அதை நியாயப்பிரமாணம் ஆக்காதீர்கள். ரூத் யார்? விதவை. போவாஸைக் கட்டி ஓபேத்தைப் பெற்றாள். ஓபேத் மகன் ஈசாய், ஈசாய் மகன் தாவீது. மத்தேயு முதல் அதிகாரத்திலேயே அவள் பேர் இருக்கிறது.

பெரிய மாமா: அதெல்லாம் சரி. ஊர் என்ன சொல்லும்?

நான்: அப்போ இது ரோமர் இல்லை மாமா, மேலத்தெரு 7:2.

பெரிய மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: நான் அடுப்படியில் இருக்கிறேன். உங்கள் மாமா ஊஞ்சலில் உட்கார்ந்து போனை முறைத்துக்கொண்டிருக்கிறார். கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள் பிள்ளைகளே.

பெங்களூர் அண்ணன்: பெரியம்மா, எனக்கு நிஜமாகவே ஒரு சந்தேகம். பவுல் ரோமர் 7-ல் கல்யாணத்தைப் பற்றியா பேசுகிறார்? 4-ம் வசனத்தில் கதை வேறு பக்கம் போகிறதே.

பெரியம்மா: ஞாயிறு பள்ளியில் 30 வருஷமாக இதைத்தான் சொல்கிறேன், ஒருத்தரும் கேட்பதில்லை. கல்யாணம் அங்கே உவமைதான். அவர் சொல்ல வந்தது நமக்கும் மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்துக்கும் இருந்த கட்டு. உவமையில் சாவது புருஷன், இல்லையா? அப்போ நியாயப்பிரமாணம் செத்தது என்று எழுதுவார் என்றுதானே எதிர்பார்ப்போம்? எழுதவில்லை. கிறிஸ்துவின் சரீரத்தினாலே மரித்தது நீங்கள் என்கிறார். உவமை கொஞ்சம் கோணல்தான். தெரிந்தே அப்படி விட்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். 12-ல் நியாயப்பிரமாணம் பரிசுத்தம் என்கிறவர் அதைச் சாகடிப்பாரா?

நான்: செத்தவளுக்கு அப்புறம் எப்படிக் கல்யாணம்?

பெரியம்மா: அதற்குத்தானே மரித்தோரிலிருந்து எழுந்தவருக்குச் சொந்தமாகும்படி என்று எழுதுகிறார். விடுதலையானவளை அவர் நடுத்தெருவில் நிறுத்தவில்லை. அவள் இன்னொருவருடையவள் ஆகிறாள், தேவனுக்குக் கனி கொடுக்கிறாள். முன்பு பயந்து செய்ததைப் பிரியத்தோடு செய்கிறாள். எங்கள் மாமியார் இருந்தபோது நான் வைத்த மீன்குழம்பும் இப்போது வைக்கிற மீன்குழம்பும் ஒன்றுதான். உப்புப் போடும்போது கை நடுங்குவதில்லை.

பெங்களூர் அண்ணன்: 😂😂

பெரிய மாமா: இது எனக்குப் புரிகிறது.

அத்தை: குழம்பா?

பெரிய மாமா: சாவு. கோர்ட்டில் 34 வருஷம் இருந்தேன். கிரிமினல் கேசில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவன், இறந்துபோனால் டெத் சர்டிபிகேட்டைச் சேர்த்துக் கேஸ் கட்டை மூடிவிடுவோம். சட்டம் அப்படியே இருக்கும். பிரிவு அப்படியே இருக்கும். ஜட்ஜ் ஐயா மேலே உட்கார்ந்திருப்பார். கூண்டில் நிறுத்த ஆள் இருக்காது.

பெரியம்மா: அண்ணே! நாளைக்கு என் வகுப்பில் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான்: மாமா, புருஷன் உயிரோடு இருந்து, விட்டுவிட்டுப் போயிருந்தால்?

பெரிய மாமா: அது வேறு கட்டு. 1869-ம் வருஷத்து விவாகரத்துச் சட்டம். ஆண் கேட்டால் மனைவியின் விபசாரம் ஒன்றே போதுமாக இருந்தது. பெண் கேட்டால் புருஷனின் விபசாரத்தோடு கொடுமையோ, இரண்டு வருஷம் கைவிட்டதோ சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 2001-ல்தான் திருத்தினார்கள். அதற்கு முன்னால் ஒரு பெண் ஏழு வருஷம் வாய்தாவுக்கு வந்துபோனாள். அந்தக் கட்டைத் தைத்தவன் நான். வெள்ளைக்காரன் எழுதின சட்டம், நம் ஆட்கள் வேதத்தில் இருக்கிற மாதிரியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

பெரியம்மா: அவிசுவாசி பிரிந்துபோனால் சகோதரனும் சகோதரியும் அடிமைப்பட்டவர்கள் இல்லை என்று 1 கொரிந்தியர் 7:15-ல் இருக்கிறது. அதை வைத்து எதுவரை போகலாம் என்று சபைக்குச் சபை சண்டை. இன்றைக்கு வேண்டாம்.

இரவு 9.04

சித்தி: எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அண்ணே, உங்களிடம் முதலில் சொல்லாதது என் தப்பு. நாலு தடவை போனை எடுத்தேன், எண்ணை அழுத்த முடியவில்லை. ஓலைக்குப் பேர் கொடுக்கப் போன அன்று சபைப் போதகர் ஐயர் "விதவை" என்று எழுத ஆரம்பித்தார், பாதியில் பேனா நின்றுவிட்டது. என் பேனாவைக் கொடுத்தேன். மீதி அந்த மையில்தான் இருக்கிறது. மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்கள். நீங்கள் எப்போதும்போல மூன்றாவது பெஞ்சில் இருப்பீர்கள். அந்த நேரம் நான் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரவு 9.21

அத்தை: ஊஞ்சல் சத்தம் நின்றுவிட்டது.

பெரிய மாமா: ஆராதனை முடிந்து சாப்பாடு உன் வீட்டில். சாளை மீன் வேண்டாம். சீலா கிடைத்தால் வாங்கு. ஐயர் அதைக் கேட்கும்போது எனக்கு இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்வேன்.

அத்தை: விக்ஸ் மிட்டாய் எடுத்து வைக்கிறேன்.