வீட்டுத் தொழிலில் உங்கள் நேரத்துக்கு என்ன விலை போட்டீர்கள்?

தையல் அக்கா, சாத்தூர்:

வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறேன். அவர் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறார். கூட மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். இங்கே நிறையப் பேர் வீட்டிலிருந்தே ஏதோ ஒன்று செய்கிறீர்கள். அதனால் என் கணக்கைச் சொல்கிறேன், உங்கள் கணக்கையும் சொல்லுங்கள்.

லைனிங் வைத்த ப்ளவுஸுக்கு 350 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தேன். லைனிங் துணி, நூல், ஊக்கு, கரண்ட் எல்லாம் சேர்த்து 80 ரூபாய் போனால் 270 நிற்கும். வீட்டில் எல்லாருக்கும் அந்த 270-தான் லாபம்.

ஆனால் ஒரு ப்ளவுஸுக்கு எவ்வளவு வேலை என்று தைக்கிறவர்களுக்குத்தான் தெரியும். லைனிங் துணியை முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கி மேல்துணியையும் சேர்த்து இழுத்துவிடும். அப்புறம் அளவு ப்ளவுஸை வைத்து வெட்ட வேண்டும். டார்ட் பிடிக்க வேண்டும், கழுத்துக்குப் பைப்பிங் கொடுக்க வேண்டும், கை ஏற்ற வேண்டும். மிஷினை விட்டு எழுந்தால் கைவேலை காத்திருக்கும்: ஹெம்மிங், ஊக்கு, கடைசியில் மறுபடி இஸ்திரி. எல்லாம் சேர்த்து மூன்றரை மணி நேரம். "கைகிட்ட கொஞ்சம் பிடிக்குதுக்கா" என்று திரும்பி வந்தால் பிரித்துத் தைக்க இன்னும் அரை மணி. அதற்கு யாரும் காசு தருவதில்லை, நாமும் கேட்பதில்லை. அந்த அரை மணியைச் சேர்க்காமலே 270-ஐ வகுத்தால் மணிக்கு 77 ரூபாய்.

இந்தக் கணக்கு வந்ததே கடை பேச்சில்தான். மெயின் ரோட்டில் ஓர் இடம் காலியானது. வாடகை 4,500, அட்வான்ஸ் 50,000. அவருக்கு ரொம்ப ஆசை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். "மாசம் நூறு ப்ளவுஸ் தைச்சா 27,000. வாடகை போனாலும் 22,500 கையில நிக்கும். யோசிச்சுப் பாரு." எனக்காகத்தான் அவர் அவ்வளவு ஆர்வமாகப் போட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் அதே தாளில் கீழே ஒரு வரி எழுதினேன்: நூறு ப்ளவுஸ், 350 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்தால்தான் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்குள் முடியும்.

அதோடு வீட்டு வேலை இருக்கிறதே. 2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் சராசரியாக நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவழிக்கிறார்கள் என்று வந்திருக்கிறது. ஆண்களுக்கு 88 நிமிடம். 289 நிமிடம் என்றால் ஐந்து மணி நேரத்துக்குப் பதினொரு நிமிடம்தான் குறைவு. பன்னிரண்டும் ஐந்தும் பதினேழு. அப்புறம் எப்போது தூங்குவது?

அவர் பதில் சொல்லவில்லை. சொன்னது அத்தைதான். அத்தை கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வீட்டில் தீப்பெட்டி ஒட்டினவர். "எங்களுக்கு ஒரு குரோஸ் ஒட்டினா இவ்வளவுன்னு கூலி உண்டு. கம்மிதான், ஆனா உண்டு. இவளுக்குக் கூலியும் கிடையாது, முதலாளிங்கற பேரு மட்டும் இருக்குடா" என்று மகனிடம் சொன்னார். ஒரு குரோஸ் 144 பெட்டி. அத்தனையும் ஒட்டிக் காயவைத்து எண்ணிக் கொடுத்தவர் சொல்கிற பேச்சு அது. வீட்டில் யாராலும் மறுக்க முடியவில்லை.

அன்றைக்கே நோட்டில் மணிக்கு 100 ரூபாய் என்று எனக்குக் கூலி எழுதினேன். மூன்றரை மணிக்கு 350, சாமான் 80, மொத்தம் 430. நான் வாங்கிய 350-க்கு ஒவ்வொரு ப்ளவுஸும் நஷ்டம். விலையை 450 ஆக்கினேன். ஹெம்மிங்கையும் ஊக்கையும் பக்கத்து வீட்டு அக்காவிடம் ப்ளவுஸுக்கு 40 ரூபாய் என்று கொடுத்தேன். எனக்கு ஒரு மணி நேரம் மிச்சம், அவருக்கும் கையில் காசு. இப்போது இரண்டரை மணிக்கு 330 நிற்கிறது. அறுபது ப்ளவுஸ் தைத்தால் 150 மணி நேரத்தில் 19,800. கடை போட்டு 350 மணி உழைத்து வரும் 22,500-ஐவிட இது எனக்குப் பெரிய காசு. கடையை விட்டுவிட்டோம்.

எல்லாம் சுகமாக முடிந்ததென்று நினைக்க வேண்டாம். விலை ஏற்றியதும் பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் வருவதில்லை. ஆடியில் பாதி வேலைகூட இருக்காது. ஆனால் சாயங்காலம் பிள்ளைகளுக்கு டிபன் போடுவதும் பாடம் சொல்லிக்கொடுப்பதும் இப்போது அவர் பொறுப்பு. அரையாண்டுப் பரீட்சை நேரத்தில் என் மிஷின் ராத்திரி ஒன்பதோடு நிற்கிறது. தீபாவளிக்கு மட்டும் அதற்கு உத்தரவாதமில்லை.

வெளிநாட்டு அண்ணன், புதுக்கோட்டை:

தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன். நான் துபாயில் இருந்த காலத்தில் ஊரில் வீடு கட்டினோம். சொந்தக்காரர்கள் இன்றைக்கும் "அவன் சம்பாதிச்சுக் கட்டின வீடு" என்றுதான் சொல்வார்கள். நான் பணம்தான் அனுப்பினேன். செங்கல் லோடு வந்தால் உடைசல் எவ்வளவு என்று பார்த்து வாங்கியது அவள். கொத்தனாரிடம் சனிக்கிழமை கூலிக் கணக்கு முடித்தது அவள். தளம் போட்ட பிறகு காலையும் மாலையும் மேலே ஏறித் தண்ணீர் கட்டியது அவள். இடையில் என் அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு அலைந்ததும் அவள்தான். ஒரு சூப்பர்வைசரை வைத்திருந்தால் நான் என்ன சம்பளம் கொடுத்திருப்பேன்?

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி கொடுத்த தீர்ப்பை அப்போது செய்தியில் படித்தேன். அதிலும் கணவர் வெளிநாட்டில் வேலை பார்த்தவர். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று சொன்னார்கள். மனைவிக்கு விடுப்பே இல்லாத வேலை என்பதையும் அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. எங்கள் வாழ்க்கையை யாரோ பக்கத்தில் இருந்து பார்த்து எழுதிய மாதிரி இருந்தது.

அடுத்து வாங்கிய மனையை அவள் பெயரிலேயே பத்திரம் போட்டேன். 2025 ஏப்ரலிலிருந்து 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது, அது தனி. அண்ணன் தம்பிகள் கேட்டார்கள். வேலை செய்தவள் பெயரில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

பாத்திரக்கடை வீடு, கும்பகோணம்:

எனக்கு இந்த மணிக்கணக்கில் முழுச் சம்மதம் இல்லை. நானும் கடையில் உட்காருகிறேன், பில் போடுகிறேன், சீர்வரிசைப் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டித் தருகிறேன். கணவன் மனைவிக்கு நடுவில் மணிக்கு இவ்வளவு என்று எழுதினால் எனக்கு மனசு ஒப்பாது. ஆனால் நகை விஷயத்தில் ஒரு ரூபாயும் விட மாட்டேன்.

2017-ல் கடைக்குச் சரக்குப் போட என் பத்துப் பவுனை விற்றோம். பவுன் 22,000-ஐச் சுற்றி இருந்த நேரம். கடை நன்றாக வந்தது. போன வருஷம் அவர் 2,20,000 ரூபாயைக் கொண்டுவந்து தந்து, "உன் நகைக் காசு, கணக்குத் தீர்ந்தது" என்றார். சந்தோஷமாகத்தான் தந்தார். அந்த நேரம் பவுன் 90,000-ஐத் தாண்டியிருந்தது. அந்தப் பணத்துக்கு இரண்டரைப் பவுன்கூட வராது. கட்டிலில் பணத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் வெகுநேரம் பேசவில்லை. மாமனார்தான் தீர்த்து வைத்தார். "கறவை மாட்டை வாங்கிட்டுப் போனவன் மாட்டைத்தான் திருப்பணும், பத்து வருஷத்துக்கு முன்னாடி சந்தையில மாடு என்ன வித்துச்சுன்னு கணக்குச் சொல்லக்கூடாது" என்றார்.

சீதனம் பெண்ணின் சொந்தச் சொத்து, கஷ்டகாலத்தில் கணவன் எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தர வேண்டிய கடமை அவனுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ஒரு கேரள வழக்கில் சொல்லியிருக்கிறது. எங்கள் வீட்டில் கோர்ட் வரைக்கும் போக வேண்டியிருக்கவில்லை. இப்போது கடை லாபத்திலிருந்து நகைச்சீட்டு கட்டுகிறார். பவுன் கணக்கில்தான் எழுதிக்கொள்கிறோம், ரூபாய்க் கணக்கில் இல்லை. தொழிலுக்கு நகை கொடுக்கும் பெண்கள் எல்லாரும் எத்தனை பவுன், எத்தனை கிராம் என்று எழுதி வைத்துக்கொண்டு கொடுங்கள்.

பொடி வியாபாரம், திண்டுக்கல்:

சாத்தூர் அக்கா, ஒரு கேள்வி. நான் இட்லிப் பொடியும் பருப்புப் பொடியும் போடுகிறேன். விலை ஏற்றுவதில் வெளியாட்களிடம் சிரமமில்லை. நாத்தனார், சித்தி, பெரியம்மா என்று வருகிறவர்கள்தான் கால் கிலோ, அரைக் கிலோ எடுத்துக்கொண்டு "அப்புறம் தரேன்மா" என்கிறார்கள். எப்படிக் கேட்பது?

தையல் அக்கா, சாத்தூர்:

எனக்கும் இதே தொல்லை இருந்தது தங்கச்சி. நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் நான்தான் தைத்தேன். மணப்பெண்ணின் முகூர்த்த ப்ளவுஸ் என் சீர் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மற்றதற்கெல்லாம் துணி வாங்கும்போதே துண்டுச் சீட்டில் பெயர், அளவு, தொகை மூன்றையும் எழுதித் துணியோடு ஊசி குத்திவிட்டேன். எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சீட்டு. வாய் திறந்து கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. மதினி ஒருத்தர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், அவரும் கல்யாணத்துக்கு முந்தின நாள் கொடுத்துவிட்டார்.

உனக்குப் பாக்கெட் மேலேயே எடையும் விலையும் ஒட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. தேங்காய் சேர்க்காத பொடியாக இருந்தால் சின்னப் பாக்கெட்டாகவும் போடு, 50 கிராம் என்றால் சித்திக்குச் சும்மா கொடுத்தாலும் கை வலிக்காது. வறுக்கிற நேரத்தையும் அரைக்கிற மில்லுக்கு நடக்கிற நேரத்தையும் இந்த வாரம் எழுதிப் பார்த்து இங்கே போடு, சேர்ந்து விலை போடலாம்.