எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணினால் ரேடியோ செற்றில் கூவல்: பில்ரர் வாங்கினால் போகுமா?

மாங்குளச் சாரதி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வேலைத்தளம் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, மிதிவெடி அகற்றும் வேலை. நான் ஓட்டுவது பழைய டொயோட்டா டீசல் டபிள்கப், அதில் முகாமோடு கதைக்கிற 50 வாட் வி.எச்.எஃப். ரேடியோ செற் பூட்டியிருக்கிறது. யாருக்கும் காயம் என்றால் முதலில் இந்தச் செற்றில்தான் அறிவிக்க வேண்டும், போனில் கவரேஜ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதுதான் ஒழுங்கு.

எஞ்சின் ஓடாமல் நிற்கும்போது வடிவாகக் கேட்கிறது. ஸ்ரார்ட் பண்ணினதும் "ஙொய்ய்" என்று ஒரு கூவல் வருகிறது, அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க அதுவும் கூடவே ஏறுகிறது. முகாமுக்குக் கிட்ட நின்றால் பெரிதாகத் தெரியாது. நெடுங்கேணிப் பக்கம் காட்டு ரோட்டில் இறங்கினால் முகாமில் இருந்து வருகிற குரல் அதற்குள் அமுங்கிப் போகிறது. நான் கதைக்கும்போதும் பின்னால் ஏதோ விசில் அடிக்கிறது என்று அங்கே இருப்பவர்கள் சொல்கிறார்கள். இதைவிட இடைக்கிடை "டிக் டிக் டிக்" என்று வேறொரு சத்தம், ஆனால் அது எல்லா இடத்திலும் இல்லை.

செற்றுக்குக் கரண்ட் எடுத்திருப்பது டாஷ்போர்ட்டுக்குள் சிகரெட் லைற்றர் வயரில் இருந்து, எனக்கு முதல் ஓட்டினவர் காலத்தில் பூட்டினது. கிளிநொச்சியில் ஒரு கடையில் கேட்டதற்கு, கரண்ட் வயரில் வருகிற சத்தத்தை வடிகட்டுகிற பில்ரர் ஒன்று போடச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

வற்றாப்பளையான்:

வாங்குங்கள் தம்பி, யோசிக்க ஒன்றும் இல்லை. என்ர வானில் பாட்டு செற்றுக்கு இதே கூவல்தான், பில்ரர் போட்டதோடு நின்றுவிட்டது. சந்தேகம் என்றால் எஞ்சின் ஓடும்போதே பற்றரி நெகற்றிவ் வயரைக் கழற்றிப் பாருங்கள், டைனமோவில் (பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற ஒல்ரனேற்றர்) பிழையா இல்லையா என்று உடனே தெரியும்.

பழைய வயர்மன்:

மேலே சொன்ன கடைசி விஷயத்தை மட்டும் தயவு செய்து செய்ய வேண்டாம். எங்கள் பக்கக் கராச்சுகளில் இன்னும் இந்தப் பழக்கம் இருக்கிறது, நானும் கண்டிருக்கிறேன். எஞ்சின் ஓடும்போது பற்றரியைக் கழற்றினால் டைனமோவின் வோல்டேஜை அமுக்கிப் பிடிக்க ஒன்றும் இருக்காது, ஒரு நொடியில் பல மடங்கு ஏறிப் போகும். ரெகுலேற்றர், டயோட், வண்டியில் கொம்பியூட்டர் இருந்தால் அதுவும், கூடவே உங்கள் செற்றும் சேர்ந்து போகலாம்.

பில்ரரைப் பிறகு பார்ப்போம். சத்தம் எந்த வழியால் உள்ளே வருகிறது என்று தெரியாமல் எதை வாங்கினாலும் அது குருட்டுவாக்குத்தான். வழி இரண்டுதான்: கரண்ட் வயர், இல்லாவிட்டால் அன்ரனா. பிரித்துப் பார்ப்பது லேசு. எஞ்சினை ஓடவிட்டு, செற்றின் சவுண்டைப் பூச்சியத்துக்குக் குறையுங்கள். அப்போதும் ஸ்பீக்கரில் கூவல் மெல்லியதாகக் கேட்டால் அது அன்ரனாவால் வரவில்லை, வயரால் வந்து நேரே ஸ்பீக்கர் பக்கத்துக்குள் ஏறுகிறது. பிறகு ஸ்குவெல்சை (சிக்னல் இல்லாத நேரம் இரைச்சலை அடைத்து வைக்கிற அமைப்பு) திறந்து வைத்துக்கொண்டு அன்ரனாவின் பிளக்கைக் கழற்றுங்கள், கூவல் அப்படியே இருந்தால் அதே முடிவு, மறைந்தால் அன்ரனா வழி. அன்ரனா இல்லாத நேரம் மைக் பட்டனில் கை படக்கூடாது, செற்றின் அவுட்புட் எரிந்து போகலாம். மூன்றாவது, எனக்கு ஆக நம்பிக்கையான சோதனை: சும்மா கிடக்கிற வேறொரு 12 வோல்ற் பற்றரியை, சோலருக்கு வைத்திருப்பது என்றாலும் சரி, சீற்றில் வைத்து செற்றை அதிலேயே ஓட்டிப் பாருங்கள். கூவல் போய்விட்டால் விசாரணை முடிந்தது.

ஏன் இந்தக் கூவல் செற்றுக்குள் வடிபடாமல் தப்பி வருகிறது என்றால், டைனமோவுக்குள் மூன்று பேஸ் கரண்ட், அதை ஆறு டயோட் சேர்ந்து டி.சி. ஆக்குகிறது, முழுக்க மட்டமாக வராது, சின்னச் சின்ன அலை மிஞ்சும். 12 போல் (காந்த முனை) உள்ள டைனமோ ஒன்று எஞ்சினைவிட இரண்டரை மடங்கு வேகத்தில் சுற்றுகிறது என்று வையுங்கள். எஞ்சின் 800 சுற்றில் ஐட்லிங்கில் நிற்கும்போதே அந்த அலை விநாடிக்கு 1200 தடவை, 2000 சுற்றுக்குப் போனால் 3000. மனுசக் குரல் ரேடியோவில் போவது விநாடிக்கு ஏறக்குறைய 300 முதல் 3000 தடவை (ஹேர்ட்ஸ்) வரை. அதாவது இது குரல் போகிற பாதையிலேயே வந்து குந்திக்கொள்கிறது, செற் அதைக் குரல் என்று நினைத்து விட்டுவிடும். நீங்கள் கதைக்கும்போது மற்றப் பக்கம் விசில் கேட்பதும் அநேகமாக இதுதான், மைக் சேர்க்கிட்டுக்குள் ஏறிக் குரலோடு சேர்ந்து போகிறது.

சிகரெட் லைற்றர் வயரில் எடுத்திருக்கிறது என்று சொன்னீர்களே, என் சந்தேகம் முழுக்க அங்கேதான். 50 வாட் செற் கதைக்கும்போது 10 அம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய வயரும் துருப்பிடித்த ஏர்த்தும் சேர்ந்து 0.1 ஓம் தடை இருந்தாலே ஒரு வோல்ற் அங்கே போய்விடும். அதே வயரில் ஹீற்றர் மோட்டர், மீற்றர், லைற் எல்லாம் தொங்கிக்கொண்டிருக்கும், ஒவ்வொன்றின் குப்பையும் செற்றுக்கு வரும். பற்றரியில் இருந்து நேரே இரண்டு வயர் இழுங்கள், 6 சதுர மில்லிமீற்றர் என்றால் நல்லது. இரண்டையும் முறுக்கி, எஞ்சின் வயர்க்கட்டோடு சேர்க்காமல் மற்றப் பக்கத்தால் கொண்டு வாருங்கள். பொசிற்றிவ்வில் பற்றரிக்குக் கிட்டவே பியூஸ் கட்டாயம். நடுவில் எங்காவது வயர் உரசினால் வண்டியே எரியும், தகட்டுக்குள்ளால் வரும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லாமல் விடாதீர்கள். பற்றரி நெகற்றிவ்வில் சென்சர் உள்ள புது வண்டிகளுக்கு மட்டும் நெகற்றிவ்வை முனையில் கட்டாமல், பற்றரியின் ஏர்த் வயர் வண்டியின் பொடியில் (உடல் தகட்டில்) வந்து சேரும் இடத்தில் கட்ட வேண்டும். உங்கள் வண்டிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

நாலெஸ்7:

வயர்மன் அண்ணை சொன்னதோடு ஒத்துப் போகிறேன், நான் அமெச்சூர் ரேடியோப் பக்கம், அதனால் அன்ரனா பற்றி மட்டும் கொஞ்சம்.

அந்த "டிக் டிக்" உங்கள் வண்டியில் இருந்து வருவதாக எனக்குத் தோன்றவில்லை. உங்களுடையது பழைய டீசல், ஸ்பார்க் பிளக் கிடையாது, தீப்பொறியே இல்லை. (கொமன் ரெயில் டீசல் என்றால் கதை வேறு, அதில் இன்ஜெக்ரருக்குப் போகிற துடிப்பே டிக் அடிக்கும்.) எங்கெங்கே கேட்கிறது என்று பாருங்கள். கச்சான் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற பம்ப், பழைய மோட்டார் சைக்கிள், புல்லு வெட்டுற மிசின் எல்லாவற்றிலும் பிளக் இருக்கிறது, ஒவ்வொரு பொறிக்கும் ஒரு டிக். பம்பின் பிளக்கை "ஆர்" எழுத்துள்ளதாக மாற்றினால் (உள்ளே ஏறக்குறைய 5000 ஓம் தடை இருக்கும்) நல்லாகக் குறையும், வேறொருவருடைய பம்ப் என்றால் கதைத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

முகாமுக்குக் கிட்டே சத்தம் இல்லை, தூரத்தில் இருக்கிறது என்பதற்குக் காரணம் அநேகமாக உங்கள் செற் எப்.எம். முறையில் வேலை செய்வதுதான். சிக்னல் பலமாக இருந்தால் அன்ரனாவால் வருகிற இரைச்சலை அது அமுக்கிவிடும், சிக்னல் மெலிந்ததும் இரைச்சல் தலை தூக்கும். ஆகவே மாங்குளம் சந்தியில் நின்று சோதித்துவிட்டு "சரியாயிற்று" என்று முடிவு எடுக்க வேண்டாம், காட்டுக்குள் போய்ச் சோதியுங்கள்.

காந்த அடியுள்ள அன்ரனா என்றால் அதைத் தூக்கிப் பாருங்கள், கிறவல் ரோட்டுச் செம்புழுதி ஒரு படையாகக் கிடக்கும், அடியில் துருவும் பூத்திருக்கும். அன்ரனாக் கேபிளின் வெளிக் கம்பிப் பின்னல் பிளக்கில் ஒழுங்காகப் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், அது விட்டுப்போனால் கேபிள் முழுக்கவே அன்ரனாவாகி எஞ்சின் அறைச் சத்தத்தை எல்லாம் பொறுக்கும். கூரை நடுவில் துளைத்துப் பூட்டுவதுதான் எப்போதும் நல்லது, ஆனால் நிறுவன வண்டியில் துளைக்க விடுவார்களோ தெரியாது.

இன்னொன்று, கடைகளில் வயரில் கவ்வுகிற பெரைற் (காந்தப்பொருள்) வளையத்தைக் காட்டி இதுதான் மருந்து என்பார்கள். டைனமோக் கூவலுக்கு அதால் ஒரு பிரயோசனமும் இல்லை, அது ரேடியோ அலைவரிசைகளுக்கானது, உங்கள் கூவல் வெறும் ஆயிரம் இரண்டாயிரம் ஹேர்ட்ஸ். ஆனால் போன் சார்ஜர், எல்.ஈ.டி. பார் லைற் இரண்டுக்கும் அது உதவும். முதலில் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதியுங்கள், மலிவுச் சார்ஜர் ஒன்று முழு சனலையும் மூடின கதைகள் உண்டு.

மாங்குளச் சாரதி:

எல்லாருக்கும் நன்றி. சவுண்டைக் குறைத்துப் பார்த்தேன், கூவல் அப்படியே இருந்தது. சோலர் பற்றரியில் ஓட்டினேன், துப்புரவாக இல்லை! பிறகு கராச்சில் ஒரு பொடியனை வைத்துப் பற்றரியில் இருந்து நேரே வயர் இழுத்தாயிற்று. பற்றரி முனையில் பச்சையாகப் பூத்திருந்தது, சுரண்டிச் சுத்தம் பண்ணினோம். எஞ்சினில் இருந்து பொடிக்குப் போகிற ஏர்த் பட்டியில் போல்ற் இறுக்கம் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது, அதையும் பெயின்ற் சுரண்டி இறுக்கினோம். இப்போது எனக்குக் கேட்கிற கூவல் போய்விட்டது, நெடுங்கேணிப் பக்கமும் பார்த்துவிட்டேன். டிக் சத்தம் அந்தத் தம்பி சொன்னபடி பம்ப்தான், ஒரு தோட்டத்தடியில் மட்டும் வருகிறது.

ஆனால் நான் கதைக்கும்போது மெல்லிய விசில் இன்னும் இருக்கிறதாம், முந்தி அளவு இல்லை. இனித்தான் பில்ரரா?

பழைய வயர்மன்:

இனியும் அவசரம் வேண்டாம். மீற்றரை ஏ.சி. வோல்ற்றில் வைத்துப் பற்றரி இரண்டு முனையிலும் பிடியுங்கள், முதலில் எஞ்சின் நின்றபடி. பூச்சியத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். சில மலிவு மீற்றர் நின்ற பற்றரிக்கே 25, 27 என்று காட்டும், அப்படியென்றால் அந்த மீற்றர் இந்த வேலைக்கு உதவாது, வேறு மீற்றர் வாங்கி வாருங்கள். சரியான மீற்றர் என்றால் எஞ்சினை 1500 சுற்றில் வைத்து, ஹெட்லைற்றைப் போட்டுவிட்டுப் பாருங்கள். 0.1 வோல்ற் அளவு நல்லது, 0.5க்கு மேலே என்றால் டயோட் ஒன்று போயிருக்கிறது என்று எடுக்கலாம். டயோட் போனாலும் சார்ஜ் லைற் பற்றாமல், 13 சொச்சம் வோல்ற் காட்டிக்கொண்டு வண்டி ஓடும், அதனால்தான் ஒருவரும் கவனிப்பதில்லை.

மாங்குளச் சாரதி:

0.7 காட்டுகிறது அண்ணை. நின்றபடி பூச்சியம்தான்.

பழைய வயர்மன்:

அப்ப டைனமோவைக் கழற்றத்தான் வேண்டும். டயோட் பிளேற்றை முழுசாக மாற்றச் சொல்லுங்கள், ஒன்றை மட்டும் ஒட்டுப் போட விடாதீர்கள். பழைய டொயோட்டா டீசல்களில் பிரேக்குக்கான வக்யூம் பம்ப் டைனமோவின் பின்பக்கத்திலேயே இருக்கும். கழற்றின வண்டியை ஒரு சுற்று ஓடிப் பார்ப்போம் என்று கராச் பொடியன் எடுக்க விடவேண்டாம், பிரேக் மிதி கல்லு மாதிரி இறுகிப்போகும், வண்டி லேசில் நிற்காது. திரும்பப் பூட்டும்போது அந்தப் பம்பின் எண்ணெய்க் குழாயில் ஒழுகல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிளேற் மாற்றின பிறகும் விசில் மிஞ்சினால் மட்டும் பில்ரர். 10 அம்பியர் என்று எழுதியிருப்பதை வாங்க வேண்டாம், உங்கள் செற்றுக்கு 20க்குக் குறையாமல் வேண்டும், செற்றுக்குக் கிட்டப் பூட்ட வேண்டும். வற்றாப்பளை அண்ணையின் பாட்டு செற்றுக்குச் சின்னது காணும், அது இந்த அளவு கரண்ட் இழுக்காது.

வற்றாப்பளையான்:

சரி சரி, பற்றரி வயர் கழற்றுகிற கதையை வாபஸ் வாங்குகிறேன். மாங்குளத்தில் டயோட் பிளேற் எடுக்க ஏலாவிட்டால் வவுனியாவில் பாருங்கள் தம்பி, பழைய டைனமோவையும் கையோடு கொண்டு போங்கள், பிளேற்றில் இரண்டு மூன்று மாதிரி இருக்கிறது, போனில் படம் காட்டினால் மாறித் தந்துவிடுவார்கள்.