மேக்ரோ படத்துக்கு ஒரு தமிழ்ச் சொல், வெள்ளிக்கிழமைக்குள்

பென்னாகரம் ஆசிரியை, திங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகள் கைபேசியில் கிளிப் லென்ஸ் மாட்டி, இரண்டு மாதமாகப் பூச்சிகளையும் சிலந்திகளையும் படம் எடுத்திருக்கிறார்கள். முப்பது படங்களைக் கண்காட்சியாக வைக்கப்போகிறோம். ஃபிளக்ஸ் கடையில் வெள்ளிக்கிழமை மாலைக்குள் எழுத்தைக் கொடுத்தாக வேண்டும். படக்குறிப்பெல்லாம் தயார். மேலே பெரிதாக வரவேண்டிய ஒரு சொல்தான் இல்லை. சின்னதைப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ ஃபோட்டோகிராஃபிக்குத் தமிழில் என்ன போடுவது?

எப்படிப்பட்ட படங்கள் என்று தெரிந்தால் உங்களுக்குச் சொல் பிடிக்க வசதியாக இருக்கும். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி மாமரத்தில் முசுறு எறும்பு என்று நினைத்து ஒன்றை எடுத்தாள். நிறம், இடுப்பு, ஓட்டம் எல்லாம் முசுறேதான். மறுநாள் திரையில் பெரிதாக்கிக் காட்டியபோது அவளே எண்ணிச் சொன்னாள்: கால் எட்டு. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டு எறும்பாக நடிக்கிற சிலந்தி அது. முகத்தில் நான்கு கண்கள் வரிசையாக இருக்கின்றன. நடுவில் உள்ள இரண்டும் குண்டுமணி போல. வகுப்பே எழுந்து வந்து திரையை ஒட்டி நின்றுவிட்டது. இதைக் காட்டுகிற கலைக்கு நல்ல சொல் வேண்டும், உதவுங்கள்.

தருமபுரி ஐயா, திங்கள் இரவு

ஆசிரியை அம்மாவுக்கு,

பொருளாதாரத்தில் மேக்ரோவைப் 'பேரியல்' என்கிறார்கள். அந்த வழியில் போய் யாராவது 'பெருஒளிப்படம்' என்று கொடுத்தால் ஏற்காதீர்கள். நன்னூல் 136ஆம் நூற்பா சொல்வதுபோல் ஈறு போய், ஆதி நீண்டு, 'பெருமை' என்பது உயிருக்கு முன் 'பேர்' ஆகும். பேரூர், பேரரசு போலப் 'பேரொளிப்படம்' என்றுதான் வரும். படிப்பவர் ஏதோ பேரொளியைப் படம் எடுத்ததாக நினைப்பார். 'நுண்ணொளிப்படம்' என்றாலும் இதே கதி. ஒளிப்படத்துக்கு முன்னால் அடை சேர்த்தால் அது படத்தை விட்டுவிட்டு ஒளியைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே 'படம்' மட்டும் போதும்.

'அண்மைப்படம்' என்றால் விண்ணப்பத்தில் ஒட்டுகிற, அண்மையில் எடுத்த படம் நினைவுக்கு வரும். என் பரிந்துரை 'அணுக்கப்படம்'. அணுகு, அணுக்கம், அணுக்கர். அரசனுக்கு நெருங்கியவர்களை அணுக்கர் என்றார்கள். இச்சொல்லில் நெருக்கம் பொருளாக இருக்க, சிறுமையும் காதில் விழுகிறது. அணு வடசொல் என்பார்கள். ஆனால் அண், அண்டு, அண்டை, அணை என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். நெருங்கினால் இறுகும், இறுகினால் சிறுகும். அணுவும் இந்த வேரிலிருந்தே போயிருக்கும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

இன்னொன்று. தொல்காப்பிய மரபியலில் 'சிதலும் எறும்பும் மூவறிவினவே' என்று வருகிறது. சிதல் என்றால் கரையான்; மூவறிவு என்றால் தொடுதல், சுவை, மணம் மட்டும். கண்ணறிவு நண்டிலும் தும்பியிலும்தான் தொடங்குகிறது. பிள்ளைகள் எறும்பின் கண்ணை எடுத்திருந்தால் அந்தப் படத்தைப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

ஓசூர், செவ்வாய்

ஐயா, எறும்பின் கண் என்னிடம் இருக்கிறது, தனியாக அனுப்புகிறேன். கூட்டுக்கண், முந்திரிப்பருப்பு வடிவத்தில் பளபளவென்று இருக்கும். சிதலில் வேலைக்காரச் சிதல்கள் பெரும்பாலும் குருடுதான், அந்த அளவில் தொல்காப்பியர் சரி.

சொல்லுக்கு வருகிறேன். மேக்ரோவுக்கு நெருக்கம் இலக்கணம் இல்லை. விகிதம்தான் இலக்கணம். பத்து மில்லிமீட்டர்ச் சிலந்தி கேமராவுக்குள் இருக்கும் சென்சாரிலும் பத்து மில்லிமீட்டராக விழுந்தால் 1:1, அதுதான் முறையான மேக்ரோ. 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸில் ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி நின்றே இதைச் செய்யலாம். எனவே 'மெய்யளவுப்படம்' என்பேன். மேக்ரோ என்ற ஆங்கிலப் பெயரே குழப்பமானது. நிக்கான்காரர்கள் இதே லென்ஸுக்கு மைக்ரோ-நிக்கோர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதோடு 'டெப்த் ஆஃப் ஃபீல்டு'க்கும் சொல் தேடிவிடலாமே. 1:1 விகிதத்தில் லென்ஸின் துளையை எஃப் 8இல் வைத்தால், முழுச்சட்டக சென்சாரில் தெளிவாகத் தெரியும் தடிமன் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். சிலந்தியின் கண் தெளிந்தால் முதுகு மங்கிவிடும். எஃப் எண்ணைக் கூட்டித் துளையைச் சுருக்கிக்கொண்டே போனால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுதும் மழுங்கும். அதனால்தான் குவியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி இருபது முப்பது படம் எடுத்து ஒன்றாக அடுக்குகிறோம். 'தெளிவாழம்' என்று வைத்துக்கொள்ளலாமா?

கிருஷ்ணகிரி ஸ்டுடியோ, செவ்வாய்

டீச்சர், தெளிவாழம் அருமையான சொல், அதை விட்டுவிடாதீர்கள். தலைப்புக்கு மட்டும் 'மேக்ரோ' என்றே போடுங்கள். கண்காட்சி பார்த்த பையன் நாளைக்கு என் கடைக்கு வந்து 'அணுக்க லென்ஸ்' கேட்டால் என் உதவியாளருக்கே புரியாது. பஸ், லென்ஸ், கேமரா எல்லாம் நம் ஊர்ச் சொல்லாகிவிட்டன. மேக்ரோவும் ஆகட்டும்.

தருமபுரி ஐயா, செவ்வாய் இரவு

தம்பி, கேட்டால் புரியாது என்று சொல்லாமலே விட்டால் என்றைக்குமே புரியாது. தொடர்வண்டி, பேருந்து எல்லாம் முதல் நாளே புரிந்தா வந்தன? ஓசூர்த் தம்பிக்கு ஒன்று. மெய்யளவு என்று எழுதிவிட்டு, கீழே சிலந்தியை இரண்டடி உயரத்துக்கு அச்சடித்து மாட்டினால் பிள்ளைகள் கேட்க மாட்டார்களா?

பென்னாகரம் ஆசிரியை, புதன்

இன்று மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதி, விளக்கம் சொல்லாமல் வகுப்பைக் கேட்டேன். அணுக்கப்படம் என்றதும் 'அணுகுண்டா மிஸ்?' என்றார்கள். ஐயா மன்னிக்க வேண்டும், நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. மெய்யளவுக்கு ஐயா சொன்ன கேள்வியே வந்தது. மேக்ரோவை இரண்டு பேர் 'மைக்ரோ' என்று படித்தார்கள். அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், 'கிட்டப்படம்னு போடலாமே மிஸ், கிட்டப் போய்தானே எடுத்தோம்' என்றான். எனக்குச் சட்டென்று பிடித்துவிட்டது. கிட்டப்பார்வை என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

தருமபுரி ஐயா, புதன்

கிட்டப்பார்வை ஒரு குறைபாட்டின் பெயர் அம்மா. அதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. கிட்டம் என்றால் இரும்பு உருக்கியபின் கழியும் கசடு. கிட்டம் + படம் = கிட்டப்படம், மரப்பெட்டி போல. வேறு வட்டாரமாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்களே, அந்த மண் இது. தகடூர் என்ற பழைய தருமபுரியின் வரலாற்றைத் தேடி வருகிறவர் உங்கள் பேனரைப் பார்த்தால் கிட்டத்தின் படம் என்று உள்ளே வருவார். வந்து சிலந்தியைப் பார்ப்பார்.

கிருஷ்ணகிரி ஸ்டுடியோ, வியாழன்

வரட்டுமே ஐயா. மேக்ரோ இல்லையென்றால் எனக்குக் கிட்டப்படம்தான். சொன்னவுடன் கை தானாக முன்னால் போகிறது.

ஓசூர், வியாழன்

தூரம் இலக்கணம் அல்ல என்பதில் நான் மாறவில்லை. ஆனால் நாளை வெள்ளிக்கிழமை. பிள்ளைகள் கிளிப் லென்ஸில் எடுத்தவர்கள். அது ஓரிரண்டு அங்குலம் வரை கிட்டப் போனால்தான் தெளியும். அவர்கள் செய்ததற்கு அந்தச் சொல் பொருந்துகிறது. இந்தக் கண்காட்சிக்கு மட்டும் சம்மதம், அகராதிக்கு இல்லை.

பென்னாகரம் ஆசிரியை, வெள்ளி

கடைக்குக் கொடுத்துவிட்டேன். மேலே 'கிட்டப்படங்கள்', கீழே சின்னதாக 'மேக்ரோ'. உள்ளே ஒரு பலகையில் 'தெளிவாழம்' என்ற தலைப்பில் ஓசூர்த் தம்பி சொன்ன ஒரு மில்லிமீட்டர்க் கணக்கு. ஐயாவின் மறுப்பை என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சந்தி மட்டும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் ஐயா.

ஓசூர், வெள்ளி

அக்கா, படக்குறிப்பு ஏழில் 'எட்டுக்கால் பூச்சி' என்று இருக்கிறது. பூச்சிக்கு ஆறு கால்தான், சிலந்தி பூச்சி இல்லை. 'சிலந்தி' என்று மாற்றிவிடுங்கள்.

தருமபுரி ஐயா, வெள்ளி இரவு

சந்தி சரி. 'கிட்டப்படங்கள்' ஒரே சொல்லாக வரட்டும், நடுவில் இடம் விட வேண்டாம். மறுப்பு மறுப்புதான்.

குறிப்பு ஏழை மாற்றாதீர்கள் அம்மா. தமிழில் பூச்சி என்பது கால் எண்ணி வைத்த சொல் அல்ல. நாக்குப்பூச்சிக்குக் கால் ஏது? இரவில் பாம்பையே பூச்சி என்றுதானே சொல்கிறோம். தம்பிக்கு நாளை விரிவாக எழுதுகிறேன்.