கார்க் தூள் + எச்.டி.பி.இ. பலகை உதிர்கிறது, இயற்கை இணைப்பான் எது சேர்க்கலாம்?

தக்கைமண்டை:
வணக்கம். போர்ச்சுகலில் முதுகலை படிக்கிறேன். பாட்டில் மூடி ஆலையில் மிஞ்சும் கார்க் தூளையும் எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) குருணையையும் எடையில் பாதிக்குப் பாதி எடுத்து, 170 டிகிரியில் ஹாட் பிரஸ்ஸில் பலகை போடுகிறேன். நகத்தால் சுரண்டினாலே ஓரம் உதிர்கிறது, உள்ளே குமிழி வேறு. கார்க்கையும் பிளாஸ்டிக்கையும் ஒட்டவைக்கும் இணைப்பானாக வழக்கமான மலியிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிஎத்திலீன் கூடாது, இயற்கையானதுதான் வேண்டும் என்கிறார் வழிகாட்டி. மரவள்ளி மாவு சேர்த்தால் குமிழி இன்னும் கூடுகிறது.

பட்டறைக்காரன்:
இணைப்பானை அப்புறம் பார்க்கலாம் தம்பி. உருக்கிக் கலந்தீர்களா, இல்லை உலர்வாகவா?

எடைக் கணக்கும் ஏமாற்றும். கார்க் அடர்த்தி க.செ.மீ.க்கு 0.2 கிராம் என்றால் 50 கிராம் தூள் 250 க.செ.மீ.; அதே எடை எச்.டி.பி.இ. 53தான். அழுத்தும்போது கார்க்கின் அறைகள் நசுங்கி வித்தியாசம் குறையும், ஆனாலும் அத்தனை துகளையும் பூச பிளாஸ்டிக் போதாது. எடையில் கார்க் 20, 30 சதவீதம் என்று தொடங்குங்கள்.

தக்கைமண்டை:
உலர்வாகத்தான் அண்ணா. எக்ஸ்ட்ரூடர் (உருக்கிக் கலக்கும் இயந்திரம்) வேறு துறையில் இருக்கிறது, கேட்கிறேன். குமிழிக்கு என்ன வழி?

காரமும்அமிலமும்:
அது நீராவி. தூளை 80 டிகிரி உலர்த்தும் அடுப்பில், எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். மாவை விட்டுவிடுங்கள், ஈரத்தையும் கொண்டுவரும், பாலிஎத்திலீனோடும் ஒட்டாது. சூடு 200ஐத் தாண்டினால் கார்க் கருகத் தொடங்கும்.

நீங்கள் தேடும் பொருள் கார்க்குக்குள்ளேயே இருக்கிறது. அதில் சுமார் 40 சதவீதம் சுபெரின் (மெழுகு போன்ற பொருள்), 20 சொச்சம் லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்). சுபெரினை உடைத்தால் நீளமான கொழுப்பமிலச் சங்கிலிகள் கிடைக்கும். சங்கிலியின் உடல் பாலிஎத்திலீனோடு ஒத்துப்போகும், அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் கார்க்கைப் பிடிக்கும். போர்ச்சுகல் ஆய்வாளர்களே சுபெரினையும் லிக்னினையும் எச்.டி.பி.இ.யில் இணைப்பானாகச் சோதித்து எழுதியிருக்கிறார்கள், தேடிப் படியுங்கள். சுபெரினைப் பிரித்தெடுக்க மெத்தனாலும் சோடியம் மெத்தாக்சைடும் வேண்டும்; ஆய்வகத்தில், புகை உறிஞ்சும் பெட்டிக்குள் மட்டும் செய்யுங்கள். வீட்டில் வேண்டவே வேண்டாம்.

பட்டறைக்காரன்:
இன்னொன்று, பிரஸ்ஸைச் சூட்டோடு திறக்காதீர்கள். நசுங்கிய கார்க் ஸ்பிரிங் மாதிரி எழும்பிப் பலகையை உப்பவைத்துவிடும். அழுத்தத்திலேயே ஆறட்டும், 60 டிகிரிக்குக் கீழே வந்ததும் எடுங்கள்.

வழிப்போக்கன்:
பிளாஸ்டிக் எதற்கு? மிகைச்சூட்டு நீராவியில் கார்க் குருணை தன் பிசினாலேயே ஒட்டிக் கருப்புப் பலகை ஆகிறதே.

தக்கைமண்டை:
ஆய்வுத் தலைப்பே பிளாஸ்டிக் கலவைதான், மாற்ற முடியாது :) முதலில் 30 சதவீதத்தில், உலர்த்தி, உருக்கிக் கலந்து, இணைப்பான் இல்லாமல் ஒரு பலகை போடுகிறேன். அப்புறம் சுபெரின். லிக்னின் தூளாகவே விலைக்குக் கிடைக்கிறதே, அதைப் போடலாமா?

காரமும்அமிலமும்:
ஒப்பீட்டுக்குப் போடலாம். கிராஃப்ட் லிக்னின் (காகிதக்கூழ் ஆலையில் மிஞ்சுவது) என்றால் சூட்டில் கந்தக வாடை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கார்க்கிலிருந்து எடுத்ததும் அதுவும் ஒன்றல்ல, அறிக்கையில் தனித்தனியாகக் குறியுங்கள்.