சிறையில் செத்த எல்லோரும் ஏன் வீரர் ஆவதில்லை?

அஸ்தம்பட்டிக்காரன்:
சேலம் மத்திய சிறைப் பக்கம்தான் என் வீடு. அந்தச் சுவரை ஒட்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். 1950 பிப்ரவரி 11 அன்று அதற்குள்ளே 22 கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள் என்பது எனக்கே முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. நாடு குடியரசாகிப் பதினாறே நாள். செத்தவர்களில் பெரும்பாலோர் மலபார்க்காரர்கள், இன்றைய வட கேரளமான மலபார் அப்போது நம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்துதான் இருந்தது. அரசியல் கைதிகளாக நடத்துங்கள் என்று கேட்டவர்கள். ஆனால் இதே ஊரில் அந்தக் காலத்துக் காங்கிரஸ் தலைவர் சேலம் விஜயராகவாச்சாரியார் என்றால் பழைய ஆட்கள் எழுந்து நின்று பேசுவார்கள். நாடு கொந்தளிக்கிற நேரத்தில் போராடுகிறவர்களில் சிலர் மட்டும் எப்படி வீரர் ஆகிறார்கள்? என்னைக் கேட்டால், பின்னால் ஆட்சிக்கு வருகிறவன் "இவர் எங்கள் ஆள்" என்று சொன்னால்தான் ஆகிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டை வாத்தியார்:
தம்பி, இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விஜயராகவாச்சாரியாருக்கு எந்த ஆட்சி பட்டம் கொடுத்தது? 1882 சேலம் கலவரத்தைத் தூண்டினார் என்று வெள்ளைக்காரன் வழக்குப் போட்டு, பத்து வருஷம் தீவாந்தரம், அதாவது நாடு கடத்தல், என்று தீர்ப்பும் ஆனது. மேல்முறையீட்டில் விடுதலை ஆனார். அதோடு விட்டாரா, நகராட்சி உறுப்பினர் பதவியைப் பறித்ததற்குத் தனியாக வழக்குப் போட்டு நூறு ரூபாய் நஷ்டஈடு வாங்கினார். கலவரம் நடந்தபோது காங்கிரஸ் என்ற கட்சியே கிடையாது, அது 1885-ல் வந்தது. அவர் காங்கிரஸ் தலைவராக நாகபுரியில் உட்கார்ந்தது 1920-ல். காரியம் முதலில், மாலை பிறகு.

அஸ்தம்பட்டிக்காரன்:
ஐயா, அந்தக் கலவரம் எதற்காக நடந்தது என்பதையும் சொல்லுங்கள். மசூதி சம்பந்தமாக இந்துவும் முஸ்லிமும் வெட்டிக்கொண்டது. தண்டனை வெள்ளைக்காரன் கையால் வந்ததால் அது பிற்பாடு தேசத்தின் கதை ஆனது. அதே நாளில் வீடு இழந்த முஸ்லிம் குடும்பத்தில் அவரை யாராவது வீரர் என்று சொல்லியிருப்பார்களா?

கொண்டலாம்பட்டித் தறி:
நான் நேராகக் கேட்கிறேன். 1948-ல் கல்கத்தா மாநாட்டில் இந்த ஆட்சியைப் புரட்டிப்போட வேண்டும் என்று முடிவெடுத்த கட்சி அந்தக் கம்யூனிஸ்ட் கட்சி. ரணதிவே அதன் பொதுச் செயலாளராக இருந்த காலம். அதை அந்தக் கட்சியே பிற்பாடு தப்பு என்று விட்டுவிட்டது. எதிர்த்துக் கிளம்பியவனை எந்த அரசாங்கம் கொண்டாடும்? என் அப்பா கைத்தறிச் சங்கத்தில் இருந்தவர், காங்கிரஸ் ஆள். உயிர் போனது பாவம்தான், ஆனால் வீரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அஸ்தம்பட்டிக்காரன்:
அண்ணா, கட்சி எடுத்த முடிவு வேறு, பூட்டிய சிறைக்குள் இருந்தவன் வேறு. உள்ளே அடைபட்டவன் எந்த ஆட்சியைப் புரட்டப் போகிறான்? சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். இந்தியை எதிர்த்துச் சிறைக்குப் போன நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் கைதிகளாகவே செத்தார்கள். அப்போது மாகாணத்தை ஆண்டவர் ராஜாஜி, நம் சேலம் நகராட்சியின் தலைவராக இருந்தவர். அவர் அரசாங்கத்துக்கு அந்த இரண்டு பேரும் வெறும் கைதிகள். இன்று எழும்பூரில் ஒரு அரசுக் கட்டிடத்துக்கே தாளமுத்து நடராசன் மாளிகை என்று பெயர். நடுவில் என்ன மாறியது? 1967-ல் ஆட்சி மாறியது. இந்த 22 பேருக்காக அப்படி ஒரு 1967 இங்கே வரவே இல்லை.

ஏற்காட்டுக்காரி:
நீங்கள் எல்லோரும் ஆட்சியையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். வ.உ.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். 1908-ல் அவர் கைதானதும் திருநெல்வேலியே பற்றி எரிந்தது, துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது அந்தக் கூட்டம் எங்கே போனது? வக்கீல் தொழில் செய்வதற்கான சன்னதும் (உரிமமும்) போய், பிழைப்புக்குக் கடை வைத்தார். 1936-ல் கடன்காரராகத்தான் கண்ணை மூடினார். 1961-ல் சிவாஜி நடித்துப் படம் வந்த பிறகுதான் எங்கள் வீட்டுப் பாட்டிக்கெல்லாம் அவர் வீரர். அவரோடு சிறை போன சுப்பிரமணிய சிவாவைப் பாருங்கள், தொழுநோயோடு வெளியே வந்தவர், ரயிலில் ஏற்றமாட்டேன் என்றதும் நடந்தே ஊர் ஊராகப் பேசிவிட்டு 1925-ல் பாப்பாரப்பட்டியில் செத்தார், அது அப்போது சேலம் ஜில்லா. அவர் கதையைச் சுமந்து போக ஆள் குறைவு. வாய்விட்டுச் சொல்ல நாலு பேர் வேண்டும். இந்த 22 பேரில் முக்கால்வாசிப் பேருடைய வீட்டார் மலையாளம் பேசுகிறவர்கள், நமக்குத் தமிழில் வந்து யார் சொன்னார்கள்?

செவ்வாய்ப்பேட்டை வாத்தியார்:
அம்மா சொல்வதில் விஷயம் இருக்கிறது. அப்புறம் தம்பி, கேரளத்தில் அவர்கள் தியாகிகள்தான், வருஷா வருஷம் நினைவுநாள் நடத்துகிறார்கள்.

அஸ்தம்பட்டிக்காரன்:
ஏனென்றால் அங்கே 1957-லேயே அந்தக் கட்சி ஆட்சிக்கு வந்துவிட்டது. நான் முதலில் சொன்னதும் அதுதானே ஐயா.

கொண்டலாம்பட்டித் தறி:
அப்படியானால் ராஜாஜிக்கு என்ன பதில்? 1930-ல் வேதாரண்யத்தில் உப்பு எடுத்தபோது வீரர். 1942-ல் வெள்ளையனே வெளியேறு வேண்டாம் என்றதும் சொந்தக் கட்சித் தொண்டனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். 1948-ல் கவர்னர் ஜெனரல். பதவி பெரிதானதே தவிர, 1930-ல் இருந்த அந்தப் பாசம் எங்கள் அப்பாவுக்குத் திரும்ப வரவில்லை. ஆட்சி கையில் இருந்தும் வரவில்லையே.

அஸ்தம்பட்டிக்காரன்:
இது நல்ல அடி, அண்ணா. யோசிக்க வேண்டும். ஆனாலும் ராஜாஜியை மறந்தவர் யாரும் இல்லை. இவர்களை மறந்திருக்கிறோம்.

செவ்வாய்ப்பேட்டை வாத்தியார்:
காரியம்தான் முதல் என்பதை நான் இன்னும் விடவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முப்பது வருஷம் வகுப்பில் 1882-ஐச் சொல்லியிருக்கிறேன், நம் ஊர் என்பதால் பாடத்தில் இல்லாவிட்டாலும் சொல்வேன். 1950-ஐ ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. அந்த 22 பேர் பெயரும் உன்னிடம் இருந்தால் இங்கே போடு தம்பி, ஊரோடு சேர்த்துப் போடு.

அஸ்தம்பட்டிக்காரன்:
கண்ணூரில் ஒரு நண்பர் இருக்கிறார் ஐயா. அவரிடம் மலையாளத்தில் வாங்கி, பெயர்களைச் சரியாகத் தமிழில் எழுதிப் போடுகிறேன். இரண்டு நாள் கொடுங்கள்.