படுவான்கரை றோட்டுக்கு முதல் கார்: எதை நம்பி வாங்குவது?

கல்லடி டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 36 வயது. இவ்வளவு காலமும் ஸ்கூட்டியில்தான் பாடசாலைக்குப் போய் வந்தேன். மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து மண்முனைப் பாலத்தால் வாவியைத் தாண்டி, படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால். போக வர நாளுக்கு 50 கிலோமீட்டர். இன்னொரு மார்கழி மழையை ஸ்கூட்டியில் தாங்க முடியாது. அம்மாவையும் மாதம் ஒரு தடவை போதனா வைத்தியசாலை கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். எங்கள் குடும்பத்தில் யாரும் கார் வைத்திருந்ததில்லை, கேட்க ஆளில்லை. சேமிப்பும் லீசிங்கும் சேர்த்தால் மூன்று கார்கள் எட்டும் போலத் தெரிகிறது: 2015 சுசுக்கி ஆல்டோ 800, 2008 டொயோட்டா விட்ஸ், 2013 டொயோட்டா அக்குவா. அக்குவா பெற்றோல் எஞ்சினும் பற்றறி மோட்டாரும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட். அக்குவா என்றால் லீசிங் நிறைய எடுக்க வேண்டும். நடுவழியில் என்னை விட்டுவிடாத காராக இருந்தால் போதும்.

பழைய ஸ்பானர்:
தங்கச்சி, ஆல்டோவை எடுங்கள். களுவாஞ்சிக்குடிப் பக்கம் 22 வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன். 796 சிசி, மூன்று சிலிண்டர், கையால் போடும் கியர். பொனட்டைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும். கிளச் போனால் ஒரே நாளில் மாற்றி வீட்டுக்குப் போகலாம், சாமானும் கல்முனையிலோ மட்டக்களப்பிலோ கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அதில் இருப்பது டைமிங் பெல்ட், எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கிற பெல்ட், அறுந்தால் கார் நின்றுவிடும். கடைசியாக எப்போது மாற்றினது என்று விற்பவரிடம் கேளுங்கள். பில் காட்ட முடியாவிட்டால் வாங்கின கையோடு மாற்றுங்கள். ஹைபிரிட் கார் கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் நின்றால் யாரைக் கூப்பிடப் போகிறீர்கள்?

காத்தான்குடி நானா:
அண்ணன் சொல்வது பத்து வருடத்துக்கு முந்தைய கதை. காரின் கணினியில் பூட்டிப் பழுதைப் படிக்கிற ஸ்கேனர் இல்லாத கராஜ்தான் இப்போது குறைவு. நான் அக்குவாவில் ஹயர் ஓடுகிறேன், கட்டுநாயக்காவுக்கு மாதம் மூன்று நாலு தடவை போய் வருவேன். ஜப்பானில் 2011 டிசம்பரில் வந்த கார், 1.5 லீற்றர் எஞ்சின். அதில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை, பற்றறியைச் சார்ஜ் பண்ணுகிற ஓல்டர்னேட்டரும் இல்லை, ஃபேன் பெல்ட்டும் இல்லை. சாதாரண கார் பல தடவை றோட்டில் நிற்பது இந்த மூன்றாலும்தானே? இல்லாத சாமான் எப்படிப் பழுதாகும்?

டீச்சரின் கணக்கைப் பாருங்கள். மாதம் 22 நாள், 1,100 கிலோமீட்டர். லீற்றருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 92 லீற்றர் வேண்டும், 20 ஓடும் அக்குவாவுக்கு 55 போதும். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் மாதம் 11,000 ரூபா மிச்சம். 2022 இல் கியூஆர் காட்டி வாரத்துக்கு 20 லீற்றருக்காக வரிசையில் நின்றோமே, பெற்றோல் 470 ரூபா வரை போனதே. அந்த 20 லீற்றரில் டீச்சருக்கு வாரம் முழுக்க ஓடி மிச்சமும் இருந்திருக்கும்.

பழைய ஸ்பானர்:
நானா, கணக்குச் சரி, ஆனால் ஒப்பிட்ட கார் பிழை. ஆல்டோவுக்கு ஏன் 12 போட்டீர்கள்? அந்தச் சமதரை றோட்டில் அது 18 ஓடும். 61 லீற்றர். உங்கள் அக்குவாவுக்கும் அதற்கும் மாதம் 6 லீற்றர்தான் வித்தியாசம், 1,800 ரூபா. அதற்காகக் கூடுதல் லீசிங் தவணை கட்டச் சொல்கிறீர்களா?

மறுகா, அந்த ஹைபிரிட் பற்றறி பின் சீற்றுக்குக் கீழேதான் இருக்கிறது. அதைக் குளிராக்கும் ஃபேன் காருக்குள் இருக்கிற காற்றைத்தான் இழுக்கும். கிரவல் றோட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடினால் செம்மண் தூசி முழுக்க அதன் வாயில் அடைத்துவிடும். பற்றறி சூடேறிச் செல் ஒவ்வொன்றாகச் சாகும். போன வருடம் இப்படி இரண்டு கார் என்னிடம் வந்தது. ஒன்றில் அடைத்திருந்தது பூனை மயிர்.

காத்தான்குடி நானா:
12 போட்டது என் பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். தூசி விஷயமும் உண்மை. நான் மாதம் ஒரு தடவை சீற்றடியில் இருக்கிற அந்தக் காற்று வாயைத் துடைப்பேன், வருடத்துக்கு ஒரு தடவை ஃபேனைக் கழற்றிக் கழுவுவிப்பேன். வாங்குவதற்கு முன் ஸ்கேனரைப் பூட்டி, பற்றறியின் ஒவ்வொரு பகுதியும் எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று பார்க்கவும் வேண்டும். ஓடும்போது ஒரு பகுதி மட்டும் மற்றவற்றைவிட இறங்கினால் அந்தக் காரைத் தொட வேண்டாம். இவ்வளவும் பார்த்து எடுத்த கார் மோசம் போகாது. டீச்சர் ஹைபிரிட் என்றதும் பயந்துவிட வேண்டாம்.

ஆரையம்பதி தாதி:
கார் நிற்குமா ஓடுமா என்றே இரண்டு பேரும் பேசுகிறீர்கள். மோதினால் உள்ளே இருக்கிறவருக்கு என்ன நடக்கும் என்று யாரும் கேட்கவில்லை. இரவு வேலையில் நான் பார்ப்பது அதைத்தான். 2014 இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் எயார்பேக் இல்லாத ஆல்டோ 800 க்குக் கிடைத்தது பூச்சியம் நட்சத்திரம். கல்முனை வீதியில் அந்த பஸ்கள் வருகிற வேகத்தை ஸ்பானர் அண்ணனுக்கு நான் சொல்லத் தேவையில்லை. டீச்சர் வயதான தாயை ஏற்றிக்கொண்டு போகப் போகிறார். விட்ஸில் முன்னால் இரண்டு எயார்பேக், சக்கரம் இறுகி வழுக்காமல் பிடிக்கிற ஏபிஎஸ் பிரேக். பழையதாக இருந்தாலும் என் தெரிவு அதுதான்.

பழைய ஸ்பானர்:
தங்கச்சி, நீங்கள் சொன்னது எனக்குச் சுடுகிறது, நியாயமான பேச்சு. ஆனால் எயார்பேக் இருக்கிறது என்று அதோடு விட்டுவிட முடியாது. அந்தக் காலத்து ஜப்பான் கார்கள் பலவற்றில் டகாட்டா என்ற கம்பனியின் எயார்பேக். அதை விரியவைக்க உள்ளே இருக்கிற வெடிமருந்து வெக்கையிலும் ஈரப்பதனிலும் வருடக்கணக்கில் கிடந்து கெட்டு, விரியும்போது இரும்புத் துண்டுகளை முகத்தில் அடித்தது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்களைத் திருப்பி அழைத்தார்கள், விட்ஸும் அதில் உண்டு. நம் கடற்கரை வெக்கையும் ஈரமும் தெரியும்தானே. ஆகவே விட்ஸ் என்றால் காரின் உடலில் அடித்திருக்கிற சேசிஸ் இலக்கத்தை டொயோட்டா முகவரிடம் கொடுத்து, எயார்பேக் மாற்றுகிற வேலை முடிந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் காசைப் பற்றிப் பேச வேண்டும்.

இன்னொன்று, அதன் கியர் சிவிடி, படிப்படியாக இல்லாமல் பெல்ட்டில் தானாக மாறுகிற வகை. அதற்கென்று தனி ஒயில் இருக்கிறது. சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் கியர்பெட்டி போய்விடும், ஊற்றுகிற ஆட்களும் இருக்கிறார்கள். என்ன ஒயில், எப்போது மாற்றினது என்று கேளுங்கள்.

அக்கரைப்பற்றுக்காரன்:
மன்னிக்கவும், குறுக்கே வருகிறேன். மொடலைப் பற்றிச் சண்டை பிடிக்கிறீர்கள், பத்திரத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் முதல் காரை ‘ஓபன் பேப்பர்’, அதாவது பழைய சொந்தக்காரர் கையெழுத்து வைத்து வாங்குபவர் பெயர் எழுதாமல் விட்ட பத்திரம், என்று சொன்ன ஒரு தரகரிடம் வாங்கினேன். சீ.ஆர். என்கிற பதிவுப் புத்தகத்தில் இருந்த பெயர் அவருக்கும் முந்தியவருடையது. அந்தப் பெயர்க்காரர் வெளிநாட்டில். லீசிங் முடிந்துவிட்டது என்றார்கள், முடியவில்லை. ஒரு காலை பார்த்தால் வாசலில் கார் இல்லை, நிதிக் கம்பனி எடுத்துப் போய்விட்டது. மனைவியின் காப்பும் அந்தக் காரோடு போனது. டீச்சர், புத்தகத்தில் இருக்கிறவர் நேரில் வந்து அடையாள அட்டை காட்டிக் கையெழுத்து வைக்க வேண்டும். அப்சலூட் ஓனர், அதாவது முழு உரிமையாளர், என்ற இடத்தில் நிதிக் கம்பனிப் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதத்தைக் கையில் வாங்காமல் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம். சேசிஸ், எஞ்சின் இலக்கங்களை உங்கள் கண்ணால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெள்ளம் குடித்த காரையும் கவனியுங்கள். 2011 ஜனவரியில் எங்கள் இரண்டு மாவட்டமும் தண்ணீருக்குள் கிடந்தது, 2024 நவம்பரிலும் பார்த்தோம். சீற் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், அடிப்பக்கத்தில் சேற்றுக் கோடு இருக்கும். ஸ்பெயார் டயர் கிடக்கிற குழியைப் பாருங்கள், சீற் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டோர்ச் அடியுங்கள்.

காத்தான்குடி நானா:
கல்லடிக் கடற்காற்றுத் துருவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே பெயின்ட் பளபளக்கும், கீழே ஷொக் அப்சோபர் பிடித்திருக்கிற இடம் உளுத்துப்போய் இருக்கும். ஜாக்கியில் தூக்காமல் ஒரு காரையும் பேச வேண்டாம். மீட்டரை நம்பவே வேண்டாம் டீச்சர். ஜப்பானிலிருந்து பாவித்து வந்த கார் என்றால், சேசிஸ் இலக்கத்தை வைத்து ஏல அறிக்கை எடுக்கலாம், அங்கே விற்றபோது எத்தனை கிலோமீட்டர் என்று அதில் இருக்கும். பிரேக் மிதி தேய்ந்து வழுக்குகிறது, மீட்டர் 60,000 காட்டுகிறது என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

கல்லடி டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. அக்குவாவை விட்டுவிட்டேன் நானா, கோபிக்க வேண்டாம். அந்தத் தவணையைக் கட்டிக்கொண்டு பழுதுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைக்க என் சம்பளம் இடம் கொடுக்காது. தாதி அக்கா சொன்னதை அம்மாவிடம் சொன்னேன், ஆல்டோ வேண்டாம் என்று ஒரே பிடியாக நிற்கிறார். கல்முனையில் ஒரு விட்ஸ் இருக்கிறது, ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவருடையது, புத்தகமும் அவர் பெயரில்தான். ஏல அறிக்கைக்கும் எயார்பேக் விஷயத்துக்கும் இன்று சேசிஸ் இலக்கம் கேட்டிருக்கிறேன். ஸ்பானர் அண்ணன், சனிக்கிழமை காலை வர முடியுமா? எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள், அதனால் அதிபரிடம் காரை முதலிலேயே சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பழைய ஸ்பானர்:
ஏழு மணிக்கு வருகிறேன். சரியான வேலை செய்தீர்கள். ஸ்கேனர் என்னிடம் இருக்கிறது, ஜாக்கியும் கொண்டு வருகிறேன். நீங்கள் டோர்ச் மட்டும் கொண்டு வாருங்கள். கையில் முற்பணம் கொண்டு வர வேண்டாம்.