பேய்ப் படம் பார்த்து நித்திரையைத் தொலைத்தவர்கள், எந்தக் காட்சி என்று சொல்லுங்கள்

வெள்ளவத்தைக்காரி:
2020இல் வந்த 'தி இன்விசிபிள் மேன்'. கதை எல்லாருக்கும் தெரியும், விடுகிறேன். போன போயா (பௌர்ணமி) லீவுக்கு அனெக்ஸில் நானும் தங்கச்சியும் லப்டொப்பில் பார்த்தோம். கதாநாயகி தன்னை அடக்கி வைத்திருக்கிற காதலனுடைய வீட்டிலிருந்து இரவோடிரவாகத் தப்பி ஓடுகிறாளே, நாய் இடித்து கார் அலாரம் அடிக்கும், சரியாக அந்த இடத்தில் தங்கச்சியின் போனுக்கு மெசேஜ். அவளுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளை. 'யாரோட இருக்கிறாய், போட்டோ அனுப்பு'. படத்தை நிற்பாட்டி எடுத்து அனுப்பினாள். 'இருட்டா இருக்கு, லைட்டைப் போட்டு அனுப்பு' என்று திரும்ப வந்தது. எழும்பிப்போய் லைட்டைப் போட்டாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும்தான்.

கொட்டாஞ்சேனை மச்சான்:
எனக்கு ஜப்பான்காரனின் 'ஆடிஷன்', 1999. ஊசி குத்துகிற இடம் இல்லை. பெண்சாதி செத்த ஒருவன் மறுகலியாணத்துக்குப் பெண் தேட, எடுக்காத ஒரு படத்துக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லிப் பெண்களை வரிசையாக இருத்திப் பார்க்கிறான், போர்டிங்கில் நாங்கள் ஆளாளுக்கு மார்க் போட்டுச் சிரித்தோம். அடுத்த மாதம் அண்ணாவுக்குப் பொம்பிளை பார்க்கப் போனோம், அந்தப் பிள்ளை பற்றீஸ் தட்டை நீட்டியபோது எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பம்பலப்பிட்டி ரசிகன்:
கடைசியில் கொடுமை செய்கிறது அவன் தெரிவு செய்த அந்தப் பெண்தானே மச்சான்? இது எப்படி ஆம்பிளைகளைக் கேள்வி கேட்கிற படம்? சும்மா பூச்சாண்டி.

கொட்டாஞ்சேனை மச்சான்:
சின்ன வயதில் அவளுக்குச் சூடு வைத்ததைக் காட்டும்போது நீ ரொய்லெட்டுக்குப் போயிருப்பாய். நான் அவளை நல்லவள் என்று சொல்லவில்லை. முதல் ஒரு மணித்தியாலம் என்னையும் அவனோடு மேசைக்கு இந்தப் பக்கம் இருத்தி வைத்தது, அதைத்தான் சொல்கிறேன்.

தெஹிவளை அக்கா:
நான் பேய்ப் படமே பார்ப்பதில்லை, ஒருதரம் பாதியில் எழும்பி வந்தேன், அவ்வளவுதான். வெள்ளவத்தைத் தங்கச்சி, 1938 பெண்களுக்கான உதவி இலக்கம், குறித்து வையுங்கள். கலியாணத்துக்குப் பிறகு இது கூடினால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அடித்த தழும்பு வேண்டும் என்றில்லை, மன உளைச்சல் கொடுப்பதும் அதில் அடங்கும். மெசேஜ் ஒன்றையும் அழிக்கச் சொல்லாதீர்கள். அம்மாவிடம் இப்போதே கதையுங்கள், கலியாண ஹோல் புக் பண்ணினபிறகு ஒருவரும் கேட்கமாட்டார்கள். போன் பாஸ்வேர்ட் அவனிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெள்ளவத்தைக்காரி:
அக்கா, நான் படத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஹோல் புக் பண்ணியாச்சு. பாஸ்வேர்ட் அவனிடம் இருக்கிறது.